உங்கள் மனு எந்த எல்லைக்குள் வருகிறது?

மாவட்டம் என்றால் ஒரே எல்லைக்கோடு, அதற்குள் ஒரு கலெக்டர், அவர் கையில் மனுவைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலோர் என் மேசைக்கு வருகிறார்கள். சங்கராபுரத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். தொழிலுக்கு வந்த புதிதில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று எழுதினேன். 1993 செப்டம்பர் கடைசியில் மாவட்டம் பிரிந்ததும் ‘விழுப்புரம்’ என்று எழுதினேன். 2019 நவம்பர் 26 முதல் ‘கள்ளக்குறிச்சி’ என்று எழுதுகிறேன். ஊரும் நிலமும் அப்படியேதான் இருக்கின்றன. மேலே பெயர் மாறும்போது கீழே எத்தனை கோப்புகள் திசை தெரியாமல் நின்றுபோகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டா, சான்றிதழ், நிவாரணம் என்று அலைகிறவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

பழைய விழுப்புரம் மாவட்டம் எவ்வளவு பெரியது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பரப்பு ஏறத்தாழ 7,200 சதுர கிலோமீட்டர். கோவா மாநிலம் மொத்தமும் 3,702 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் விழுப்புரத்தின் மக்கள்தொகை 34 லட்சத்து 58 ஆயிரம். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், கழுவேலி ஏரி, வங்கக் கடல். வடக்கே செஞ்சிக் கோட்டையும் மேல்மலையனூரும். குறுக்கே தென்பெண்ணை. வானூர்ப் பக்கம் போனால் எது தமிழ்நாடு, எது புதுச்சேரி என்று தெருவுக்குத் தெரு கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்கே கல்வராயன் மலை. கடலில் வலை போடுகிறவரின் குறையும், மலையில் சாமை விதைக்கிறவரின் குறையும் ஒரே திங்கட்கிழமையில் ஒரே அரங்கில் போய் நின்றன.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் வருவார். மகனுக்குக் கால் நடமாட்டம் இல்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் மாவட்டத் தலைநகரில் இருந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். விடியற்காலையில் மலைப் பாதையில் நடந்து பஸ் வரும் இடத்துக்கு வர வேண்டும். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சியில் இறங்கி, அங்கிருந்து விழுப்புரம் பஸ் பிடிக்க வேண்டும். போய்ச் சேரும்போது அலுவலர் ஆய்வுக்குப் போயிருப்பார், அல்லது மருத்துவக் குழு கூடும் நாள் வேறாக இருக்கும். ஒருமுறை அந்த அம்மா மகனோடு விழுப்புரம் பஸ் நிலையத்திலேயே இரவைக் கழித்துவிட்டு மறுநாள் மனு கொடுத்தார். “அண்ணே, மலையிலிருந்து வருகிறேன் என்று மனுவில் பெரிதாக எழுதுங்கள், அப்போதாவது உட்கார வைத்துக் கேட்பார்கள்” என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மாவட்டத்தைப் பிரிப்பது வீண் செலவு, ஓட்டுக்காகச் செய்வது என்று யாராவது பேசினால் நான் இந்தத் தாயைத்தான் நினைத்துக்கொள்வேன். பிரித்தது சரி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் பிரித்தபோது மாறியது எது, மாறாதது எது என்பதை மக்களுக்கு யாரும் பொறுமையாக விளக்கவில்லை. அங்கேதான் அலைச்சல் பிறந்தது.

அரசு நம் ஊரை ஒரு வரைபடத்தில் மட்டும் பார்ப்பதில்லை. வருவாய்த் துறைக்கு ஒரு வரைபடம்: மாவட்டம், கோட்டம், வட்டம், பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி), வருவாய்க் கிராமம். அதில் கலெக்டர், ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்), தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) என்று படிப்படியாக வரும். ஊரக வளர்ச்சித் துறைக்கு வேறொரு வரைபடம்: ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி. அங்கே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்), ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருப்பதும் உண்டு, ஒரே வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்குப் பிரிந்து கிடப்பதும் உண்டு. பத்திரப்பதிவுத் துறைக்குப் பதிவு மாவட்டம், சார்பதிவகம் என்று தனி எல்லை. காவல் நிலையத்துக்குத் தனி எல்லை. நீதிமன்றத்துக்குத் தனி எல்லை. மின்வாரியம், வனக்கோட்டம், கல்வி மாவட்டம் எல்லாம் தனித்தனி. எங்கள் பக்கத்தில் கரும்பு போடுகிறவருக்கு இன்னொன்றும் உண்டு: வயல் மூங்கில்துறைப்பட்டு ஆலையின் பகுதியா, கச்சிராயபாளையம் ஆலையின் பகுதியா என்று.

2019இல் முதலில் நகர்ந்தது வருவாய் எல்லை. மற்றவை ஒவ்வொன்றும் தன் துறையின் ஆணை வந்த பிறகு, தன் போக்கில் நகர்ந்தன. சில இன்றுவரை நகரவில்லை, நகர வேண்டிய தேவையும் இல்லை. தெளிவான எடுத்துக்காட்டு மக்களவைத் தொகுதி. உளுந்தூர்ப்பேட்டையும் திருக்கோவிலூரும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டும் விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்கு ஓட்டுப் போடுகின்றன. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு மூன்றும் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியும் மயிலமும் ஆரணி தொகுதியில். ரயில் நிறுத்தம் கேட்டு எம்.பி.க்கு மனு எழுத வருகிறவரிடம் முதலில் நான் கேட்பது, உங்கள் சட்டமன்றத் தொகுதி எது என்பதைத்தான். மாவட்டத்தை வைத்து எம்.பி.யைத் தேடினால் மனு தவறான ஆளிடம் போய்ச் சேரும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். என் மேசைக்கு வருகிற பத்துப் பேரில் பாதிக்கு மேல் நிலக்காரர்கள்தான்.

மாவட்டம் மாறியதும் பலருக்கு வந்த முதல் அச்சம், பழைய பத்திரம் செல்லுமா என்பது. அப்பா வாங்கிய கிரையப் பத்திரத்தில் தென்னாற்காடு என்று இருக்கிறது, தாத்தா பத்திரத்தில் தென்னாற்காடு ஜில்லா என்று இருக்கிறது, இதையெல்லாம் திருத்திப் பதிய வேண்டுமா என்று கேட்டு வந்தார்கள். இடைத்தரகர் சிலர் ‘பெயர் மாற்றக் கட்டணம்’ என்று பணமும் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். பதிவான நாளில் நிலம் எந்த மாவட்டத்தில் இருந்ததோ அந்தப் பெயர் பத்திரத்தில் இருப்பதுதான் முறை. அதைத் தொட வேண்டியதில்லை. அடுத்த கிரையமோ பாகப்பிரிவினையோ எழுதும்போது சொத்து விவரத்தில், ‘முன்பு தென்னாற்காடு மாவட்டம், பின்னர் விழுப்புரம் மாவட்டம், தற்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்’ என்று தொடர்ச்சியாக ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றுக்கும் இதே கதைதான். விழுப்புரம் என்று இருப்பதற்காக அவை செல்லாமல் போய்விடவில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது மாவட்டப் பெயருக்குக் கீழே இருக்கிறது. ஒரு கணினிப் பட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண். அடுத்து உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர். அதன் கீழே கட்டங்கள்: புல எண், உட்பிரிவு, பிறகு புன்செய், நன்செய், மற்றவை. ஒவ்வொன்றிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில், தீர்வை ரூபாய், பைசா கணக்கில். கடைசியில் குறிப்புரை. மக்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வட்டமும் கிராமமும், அடுத்து குறிப்புரை. மாவட்டம் பிரியும்போதும், அதற்கு முன்னும் பின்னும், வட்டங்களும் உடைந்தன. எங்கள் பக்கத்தில் கல்வராயன்மலைக்குத் தனி வட்டம் வந்தது. மாவட்டம் பிறந்த பிறகு வாணாபுரம் வட்டமும் வந்தது. உங்கள் கிராமம் ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிருந்தால், பழைய பதிவேடுகள் பழைய தாலுகா அலுவலகத்தின் பதிவறையிலேயே இருந்துவிட வாய்ப்பு உண்டு. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டக் காலத்துக்கு முந்தைய அ-பதிவேட்டு (கிராமத்தின் நிலப் பதிவேடு) நகல் கேட்கிறவர்கள் புதிய தாலுகாவில் ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த இல்லைக்கு ‘எங்களிடம் இல்லை’ என்றுதான் பொருள். பழைய தாலுகாவிலும் மாவட்டப் பதிவறையிலும் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

வில்லங்கச் சான்றில் இதே கண்ணி இன்னும் ஆபத்தானது. உங்கள் கிராமம் இன்று எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் முழு வில்லங்கமும் கிடைக்கும். புதிய அலுவலகத்தின் எல்லைக்குள் மட்டும் தேடி, ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வாங்கி, நிலத்தை வாங்கிய பிறகு பழைய அலுவலகத்தில் பதிவான அடமானம் தலை தூக்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் தேடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

அடுத்து, இடைக்காலத்தில் சிக்கிய கோப்புகள். ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரிந்த நிலம். உட்பிரிவு செய்து தனிப்பட்டா போட்டதில் தம்பியின் பங்கில் கிணறு இருந்த துண்டு அண்ணன் பெயரில் ஏறிவிட்டது. இப்படிப்பட்ட பட்டா வழக்குக்கு வருவாய்த் துறையில் இருக்கும் வழி இதுதான். தாசில்தார் உத்தரவு முதல் படி. அதன் மேல் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு. அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் சொல்லும் வரிசை இது. தம்பி மூன்றாவது படிக்குப் போய் மனுப் போட்டிருந்த நேரத்தில் மாவட்டம் பிரிந்தது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் ‘கோப்பை அனுப்பிவிட்டோம்’ என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் கேட்டால் ‘இன்னும் வந்து சேரவில்லை’ என்றார்கள். கட்டுக் கட்டாகக் கோப்புகள் வேனில் வந்து இறங்கிய காலம் அது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தத் தம்பியின் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் மரவள்ளி காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது நாங்கள் கையில் எடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மூன்றே கேள்விகள் எழுதினோம். இந்த ந.க. எண் (அலுவலகம் கோப்புக்குப் போடும் எண்) கொண்ட கோப்பு எந்த நாளில், எந்தக் கடித எண்ணில், எந்த அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது? அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை உண்டா? கோப்பின் கடைசிக் குறிப்புப் பக்கத்தின் நகல் தேவை. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை ஐந்து நாட்களுக்குள் அங்கே மாற்றிவிட்டு, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். பதில் வந்தது. கோப்பு மூன்றாவதாக ஒரு பிரிவில், வேறு கட்டோடு சேர்ந்து கிடந்தது தெரிந்தது. மாற்றல் கடிதத்தின் நகலோடு போனபோது விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள்.

இதில் எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டியது ந.க. எண்ணைத்தான். மனுவைக் கொடுத்துவிட்டு எண் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மை மங்கிவிடும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் பற்றியும் சொல்ல வேண்டும். கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் நேரே அங்கே போகிற பழக்கம் கூடிவிட்டது. அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் போட்டு, உரிய துறைக்கு அனுப்புவார்கள். முதியோர் உதவித்தொகை மனு கீழே இறங்கி, உங்கள் வட்டத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரிடம்தான் வரும். ரேஷன் அட்டை வட்ட வழங்கல் அலுவலரிடம் வரும். தெருவிளக்கும் குடிநீரும் பி.டி.ஓ.விடம். மலைவாழ் மக்களின் பழங்குடிச் சான்று ஆர்.டி.ஓ. கொடுப்பது. அந்த அலுவலகம் மாவட்டம் பிரிவதற்கு முன்பே கள்ளக்குறிச்சியில்தான் இருந்தது. அதனால் அந்தச் சான்றுக்கான தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. நேரே உரிய அலுவலகத்தில் கொடுத்து, நியாயமான காலம் காத்திருந்து, நடக்கவில்லை என்றால் அந்த மனுவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுத் திங்கட்கிழமை போங்கள். அப்போது கலெக்டரிடம் கொடுப்பது வெறும் கோரிக்கையாக இராது, நிலுவையைச் சுட்டும் முறையீடாக இருக்கும். இரண்டுக்கும் கிடைக்கும் கவனம் வேறு.

ஏரி ஆக்கிரமிப்பு என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி, ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு எவ்வளவு என்பது. 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்துடையது. நிலத்தின் உரிமைப் பதிவும் அளவையும் வருவாய்த் துறையுடையது. மூன்று இடத்துக்கும் ஒரே மனுவின் நகல் போனால்தான், ‘எங்கள் ஏரி இல்லை’ என்ற பதிலுக்கு இடம் இருக்காது.

இந்த ஆண்டின் பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, முடிவதற்குள் செய்ய வேண்டிய இன்னொன்று ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும், அதனால் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வட்டம்தோறும் வருவாய்த் தீர்வாயம் நடக்கும். பிர்கா வாரியாக நாள் ஒதுக்கி, கிராமக் கணக்குகள் முழுவதும் மேசைக்கு வந்துவிடும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், நில அளவர், தாசில்தார் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ‘அடங்கலைப் பார்த்துச் சொல்கிறோம்’ என்று தள்ளிப்போட அன்று வழியில்லை, பயிர்க் கணக்கான அடங்கல் கண்ணெதிரே இருக்கும். புதிய மாவட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் பதிவேடு எங்கே என்று தேடிச் சலித்த பலருக்கு ஜமாபந்தியில்தான் விடிவு வந்தது. உங்கள் பிர்காவுக்கு எந்த நாள் என்பதை முன்கூட்டியே வி.ஏ.ஓ.விடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவினையின் விலையை அதிகம் கொடுத்தது எங்கள் ஊராட்சிகள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் வார்டு வரையறையை முறையாக முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் அந்த ஒன்பதில் இருந்தன. எங்களுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தனி அலுவலர்தான். கொரோனா காலத்தின் பெரும்பகுதியும் இதில் அடக்கம். ஒரு பி.டி.ஓ. எத்தனை ஊராட்சியின் குழாயையும் குப்பையையும் பார்க்க முடியும்? மோட்டார் பழுது என்று மனு எழுத வந்தவர்கள், தலைவர் இருந்திருந்தால் வாசலில் நின்று கேட்டிருப்பார்கள். நீதிமன்றம் சொன்னதில் பிழையில்லை, வரையறை சரியாக இல்லாமல் தேர்தல் நடத்த முடியாது. தேர்தல் எப்போது என்று கணக்குப் பார்த்து மாவட்டத்தைப் பிரித்திருக்க வேண்டும் என்பதே என் மனக்குறை.

திருக்கோவிலூர்க்காரர்களின் மனக்குறை வேறு. புதிய மாவட்டம் அவர்களுக்கு அருகில் வரவில்லை. விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அங்கிருந்து தூரம் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். ஆனால் விழுப்புரத்துக்குக் காட்பாடிப் பாதையில் ரயில் போகிறது. கள்ளக்குறிச்சிக்குப் பஸ்தான். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் பாதை என்று நாங்கள் கேட்டுக்கொண்டே வந்த காலம் மிக நீண்டது. பக்கத்து ஊர்களான கண்டாச்சிபுரமும் திருவெண்ணெய்நல்லூரும் விழுப்புரத்தோடு இருக்க, திருக்கோவிலூர் மட்டும் இந்தப் பக்கம் வந்தது. கல்யாணம், கடை, மருத்துவமனை எல்லாம் ஒரு திசையில், கலெக்டர் இன்னொரு திசையில்.

ஆற்றை நினைத்தால் இந்தக் கோடுகள் எல்லாம் எவ்வளவு மெலிந்தவை என்று புரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அந்தத் தண்ணீர் திருக்கோவிலூரைத் தொட்டு, விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஏறி, கடலூரில் போய்க் கடலில் விழுந்தது. ஒரே வெள்ளம், நான்கு மாவட்டம், நான்கு கலெக்டர். நிவாரணக் கணக்கு மாத்திரம் மாவட்டம், வட்டம், கிராமம் என்று பிரித்து எடுக்கப்பட்டது. வீடு ஒரு மாவட்டத்திலும் வயல் அடுத்த மாவட்டத்திலும் வைத்திருந்த விவசாயிகள் அப்போது பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டுச் சேதத்துக்கு ரேஷன் அட்டை இருக்கும் ஊர். பயிர்ச் சேதத்துக்கு நிலம் இருக்கும் வருவாய்க் கிராமத்தின் வி.ஏ.ஓ. தரும் அடங்கல். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு பாதி நின்றுபோனது. இரண்டு மனு, இரண்டு இடம். பயிர்க் காப்பீட்டிலும் நிலம் எந்தக் கிராமம், எந்த பிர்கா என்பதே கணக்கு. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது அங்கே எடுபடாது.

மலைக்குத் திரும்பி வருகிறேன். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் கையில் இருந்தது. சமவெளியில் நிலவரித் திட்டமும் பட்டாவும் தலைமுறை தலைமுறையாக இருந்த காலத்தில், அங்கே அரசுக் கணக்கே நுழையவில்லை. அதனால்தான் இன்றும் அங்கே உழுகிற நிலத்துக்குக் காகிதம் இல்லாத குடும்பங்கள் அதிகம். வன உரிமைச் சட்டப்படி முதலில் கிராம சபை, அடுத்து ஆர்.டி.ஓ. தலைமையிலான கோட்டக் குழு, அதற்கு மேல் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. மலையின் மறுசரிவில் கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். ஒரே மலை, ஒரே மக்கள், அண்ணன் இந்தச் சரிவில், தங்கை அந்தச் சரிவில். இருவரின் விண்ணப்பமும் வெவ்வேறு மாவட்டக் குழுவின் முன் போகிறது. கிராம சபைத் தீர்மானத்தின் நகலை ஒவ்வொரு குடும்பமும் தனியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே எந்த எல்லை மாறினாலும் முதல் ஆவணம் அதுதான்.

அந்தத் தாயின் மகனுக்கு இப்போது அலுவலகம் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறந்துவிட்டது. முன்பு முண்டியம்பாக்கம் வரை ஆம்புலன்சில் போன நோயாளிகளில் பலருக்கு இங்கேயே சிகிச்சை கிடைக்கிறது. மாவட்டம் பிரிந்ததால் வந்த நன்மை என்று எதைச் சொன்னாலும் இதை முதலில் சொல்வேன். ஆனால் மலையிலிருந்து காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடத் தோதாகப் பஸ் நேரம் இல்லாவிட்டால், பக்கத்தில் வந்த அலுவலகமும் அந்த அம்மாவுக்கு ஒரு முழு நாள் கூலியை விழுங்கும் இடமாகத்தான் இருக்கும்.

கும்பகோணத்திலும் விருத்தாசலத்திலும் பொள்ளாச்சியிலும் தனி மாவட்டம் கேட்கிறார்கள். கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. கேட்கும்போது சிலவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கிராமம் எந்த பிர்காவில், எந்த வட்டத்தில் என்ற பட்டியல் தொடக்க விழாவுக்கு முன்பே ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நிலுவைக் கோப்புகளின் எண்களும் அவை மாற்றப்பட்ட இடமும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாக வேண்டும். சார்பதிவக எல்லை மாறுகிற தேதி தனியாக அறிவிக்கப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் பிரிப்பு நடக்கக் கூடாது. புதிய தலைநகருக்குக் கடைக்கோடிக் கிராமத்திலிருந்து காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், முதல் நாளிலிருந்தே.